சர்வர் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டப் போறியா? கொஞ்சம் நில்லு!

செட்என்ஃபோர்ஸ் ஜீரோ அடிக்கப் போன கையை முதல்ல கீபோர்டுல இருந்து எடு. ஏதாவது ஒண்ணு கனெக்ட் ஆகலைன்னா எஸ்இலினக்ஸை அணைச்சுட்டு, 'அப்புறமா பார்த்துக்கலாம்'னு போறதே உங்க டீமுக்கு வழக்கமாயிடுச்சு. அந்த 'அப்புறம்' என்னைக்கும் வந்ததில்லை.

இப்போ ஆடிட்டர் வந்து ஒரு கேள்வி போட்டிருக்கார். ஃபைலுக்கு லேபிள் இருக்கு, பிராசஸுக்கு லேபிள் இருக்கு, நெட்வொர்க்ல வர்ற போற பாக்கெட்டுக்கு என்ன இருக்கு? நல்ல கேள்விதான். உடனே எங்கேயோ கிடைச்ச நாலு ரூலை காப்பி பண்ணி புரொடக்‌ஷன்ல ஒட்ட உட்கார்ந்துட்டே பாரு, அதுக்குத்தான் திட்டறேன்.

உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும், அடிப்படையை மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். கட்டாய அணுகல் கட்டுப்பாடுன்னா, ரூட்டாவே இருந்தாலும் பாலிசி அனுமதிச்சாத்தான் எதையும் தொட முடியும். அந்த முடிவை கெர்னல் லேபிளைப் பார்த்து எடுக்குது. ஃபைலோட லேபிள் டிஸ்க்லயே இருக்கு. பாக்கெட்டுக்கு அப்படி ஒரு இடம் கிடையாது, வெறுங்கையோட வருது. அதனால, வந்து சேர்ந்த மெஷின் அதுக்கு ஒரு லேபிள் ஒட்டணும், இல்லைன்னா அனுப்பின மெஷின் லேபிளையும் சேர்த்து அனுப்பணும். மொத்த விஷயமும் இந்த ரெண்டுக்குள்ள அடங்கிடும். அமெரிக்காவோட என்எஸ்ஏ 2000 டிசம்பர்ல எஸ்இலினக்ஸை வெளியிட்டுச்சு, 2003-ல அது லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்துச்சு. நெட்வொர்க் லேபிளுக்கான மூணு வழியும் 2006-ல அடுத்தடுத்து வந்தது: 2.6.16-ல லேபிள் போட்ட ஐபிசெக், 2.6.18-ல செக்மார்க், 2.6.19-ல நெட்லேபிள். மூணும் ஒட்டி ஒட்டி வந்ததாலயோ என்னவோ, எல்லாரும் மூணையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

1. எது வேணும்னு தெரிஞ்சுக்காம எதையும் இன்ஸ்டால் பண்ணாதே

கல்யாண வீட்டுக்குக் கொடுத்து அனுப்பற பாத்திரத்துல பேர் வெட்டியிருந்தா, அது எந்த வீட்டுக்குப் போனாலும் பேர் கூடவே போகும். சாக்பீஸ்ல போட்ட அடையாளம் நம்ம சமையல்கட்டு வரைக்கும்தான். செக்மார்க் சாக்பீஸ் ரகம். மெஷினுக்குள்ள மட்டும் இருக்கும், வயர்ல ஒரு பைட்டும் போகாது. நெட்லேபிளும் லேபிள் போட்ட ஐபிசெக்கும் பேர் வெட்டின ரகம்.

- எந்த புரோகிராம் எந்த போர்ட்டைத் திறக்கலாம், எந்த போர்ட்டுக்கு டிசிபி-ல போகலாம்னு மட்டும் கட்டுப்படுத்தணும்னா போர்ட் லேபிள் போதும்.
- 'இந்த சப்நெட்ல இருந்து, இந்த நெட்வொர்க் கார்டு வழியா வர்ற டேட்டாபேஸ் பாக்கெட்டை டேட்டாபேஸ் புரோகிராம் தவிர யாரும் தொடக் கூடாது'ன்னா செக்மார்க்.
- அனுப்பினவரோட ரகசிய மட்டம் அடுத்த மெஷினுக்கும் தெரியணும்னா நெட்லேபிள்.
- அனுப்பினவரோட முழு லேபிளும் போகணும், வழியில யாரும் அதை மாத்தவும் கூடாதுன்னா ஐபிசெக்.

சாதாரண வெப் சர்வர், டேட்டாபேஸ் சர்வர் வச்சிருக்கிற பெரும்பாலானவங்களுக்கு முதல் ரெண்டைத் தாண்டி எதுவும் வேண்டாம். ஆடிட்டர் முன்னாடி பெருமைக்குன்னு நெட்லேபிளைப் போட்டுடாதே. அதை யார் பராமரிக்கப் போறாங்கன்னு முதல்ல யோசி.

2. போர்ட் லேபிளை ஒழுங்கா முடி

எஸ்எஸ்ஹெச்-ஐ 22-ல இருந்து 2222-க்கு மாத்தினா செமேனேஜ் கட்டளையால 2222-ஐயும் எஸ்எஸ்ஹெச் போர்ட்டா பதிஞ்சு வை. ரெட் ஹேட், ஃபெடோரா பாலிசியில வெப் போர்ட்டா ஏற்கெனவே 80, 81, 443, 488, 8008, 8009, 8443, 9000 இருக்கு. உன் ஆப் 8443-ல ஓடினா நீ எதுவும் செய்யத் தேவையில்லை. பட்டியலைப் பார்க்காமலே புது மாட்யூல் எழுதறது தண்ட வேலை.

என்ஜின்எக்ஸும் அப்பாச்சி ஓடற அதே ஹெச்டிடிபிடி டொமைன்லதான் (பிராசஸோட லேபிள் வகையைத்தான் டொமைன்னு சொல்றோம்) ஓடும், அதுக்குன்னு தனி பேர் தேடாதே. என்ஜின்எக்ஸ் டேட்டாபேஸோட பேசணும்னா 'நெட்வொர்க் கனெக்ட்' பூலியன் இருக்கு, 'நெட்வொர்க் கனெக்ட் டிபி' பூலியனும் இருக்கு. முதலாவது ஊர்ல இருக்கிற எல்லா போர்ட்டுக்கும் கதவைத் திறந்து விட்டுடும். ரெண்டாவது டேட்டாபேஸ் போர்ட்டுக்கு மட்டும். எல்லாரும் முதலாவதைத்தான் போடறாங்க, ஏன்னா தேடினா அதுதான் முதல்ல கண்ணுல படுது. நீ ரெண்டாவதைப் போடு. பெரிய பி ஆப்ஷனோட போடு, இல்லைன்னா ரீபூட் ஆன உடனே பழைய நிலைக்குப் போயிடும்.

போர்ட் லேபிளுக்கு ரெண்டு ஓட்டை இருக்கு. அதிகம் பேர் கவனிக்காத இடம் இது.

முதலாவது, கெர்னல் தானாவே கிளையன்ட்டுக்கு எடுத்துக் கொடுக்கிற போர்ட் வரிசை, வழக்கமா 32768-ல இருந்து 60999 வரை. இதுக்குள்ள ஒரு போர்ட்டை ஒரு புரோகிராம் திறந்தா, திறக்கலாமான்னு பார்க்கிற 'நேம்-பைண்ட்' சோதனையே நடக்காது. அதனால உன் ரகசிய சர்வீஸை 40000-ல வச்சுட்டு, செமேனேஜ்ல அழகா லேபிளும் போட்டுட்டு, 'இந்த போர்ட்டை வேற யாரும் திறக்க முடியாது'ன்னு நம்பாதே. சர்வீஸை அந்த வரிசைக்குக் கீழே கொண்டு வா.

ரெண்டாவது, 'நேம்-கனெக்ட்' சோதனை டிசிபி மாதிரி கனெக்‌ஷன் போடற புரோட்டோகாலுக்குத்தான். யூடிபி-ல அனுப்பறதை அது பார்க்காது. எந்த அட்ரஸ்ல இருந்து, எந்தக் கார்டு வழியாங்கிறதும் அதுக்குத் தெரியாது. செக்மார்க் தேவைப்படறது இங்கதான்.

3. செக்மார்க்குக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடு

ஆமா, பேப்பர். யார் யாரோட பேசறாங்கன்னு எழுது. வெப் சர்வர் 443-ல கேட்குது. வெப் சர்வர் போஸ்ட்கிரெஸ் 5432-க்குப் போகுது. பேக்கப் எங்கே போகுது? டிஎன்எஸ்? நேரம் சரிபார்க்கிற குரோனி? மானிட்டரிங் ஏஜென்ட்? இதை எழுதாம ரூல் போட ஆரம்பிச்சவங்கதான் நடுராத்திரியில பேக்கப் நின்னு போச்சுன்னு போன் பண்றாங்க.

அடுத்து, ஒவ்வொரு டொமைனும் நிஜமாவே கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கான்னு பாரு. பிஎஸ் கட்டளையில பெரிய இசட் ஆப்ஷன் போட்டா பிராசஸோட லேபிள் தெரியும். நீங்களே எழுதின ஜாவா ஆப் 'அன்கன்ஃபைண்ட் சர்வீஸ்'னு ஓடிக்கிட்டிருந்தா, நீ பாக்கெட்டுக்கு எத்தனை லேபிள் ஒட்டினாலும் அது எதையும் மதிக்காது. அதுக்கு எல்லாமே அனுமதி. பாக்கெட் லேபிளுக்கு முன்னாடி அந்த ஆப்புக்கு ஒரு டொமைன் எழுது. வேலை அதிகம்தான், ஆனா இதைச் செய்யாம மத்ததைச் செஞ்சா நேரம்தான் வீண்.

4. லேபிள் ஒட்டறது ஃபயர்வால், முடிவு எடுக்கிறது பாலிசி

இந்தப் பிரிவினையை மனசுல வச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். செக்மார்க் ரூல் எந்தப் பாக்கெட்டையும் தடுக்காது, ஒரு பேர் ஒட்டறதோட அதோட வேலை முடிஞ்சுது. அந்தப் பேரை எந்த டொமைன் அனுப்பலாம், எது வாங்கலாம்ங்கிறதை எஸ்இலினக்ஸ் பாலிசி சொல்லும். அதனால ஏற்கெனவே இருக்கிற ஃபயர்வால் ரூலை எடுத்துடாதே. அது வேண்டாததை வெளியே நிறுத்தட்டும், உள்ளே வந்ததுக்கு நீ லேபிள் ஒட்டு. ஐபிடேபிள்ஸ்ல 'செக்யூரிட்டி'ன்னு தனி டேபிளே இருக்கு, ஃபில்டருக்கு அப்புறம்தான் வரும். என்எஃப்டேபிள்ஸ்லயும் அதே பேர்ல ஒரு முன்னுரிமை எண் இருக்கு. அந்த இடத்துல வை.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியா ரூல் எழுதாதே. மூணு வேலைதான்:

- புதுசா வர்ற கனெக்‌ஷனோட முதல் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டு.
- அந்த லேபிளை கனெக்‌ஷன் மேலயே சேமிச்சு வை.
- ஏற்கெனவே நடக்கிற கனெக்‌ஷன்ல வர்றதுக்கும், அதோட தொடர்புள்ள ஐசிஎம்பி பிழைச் செய்திக்கும் சேமிச்ச லேபிளை எடுத்து ஒட்டு.

மூணாவதை உள்ளே வர்ற பக்கமும் வெளியே போற பக்கமும் போடணும். ஒரு பக்கம் விட்டுட்டா பதில் பாக்கெட் லேபிள் இல்லாம போகும். நீ எழுதின பாலிசி பாதி உரையாடலுக்குத்தான் பொருந்தும்.

பேர் எங்கே கிடைக்கும்? பாலிசியிலயே ரெடியா இருக்கு. ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'சர்வர் பாக்கெட்', 'கிளையன்ட் பாக்கெட்'னு ரெண்டு வகை. டேட்டாபேஸ் மெஷின்ல 5432-க்கு வர்றது போஸ்ட்கிரெஸ் சர்வர் பாக்கெட். அதையே வெப் மெஷின்ல இருந்து பார்த்தா போஸ்ட்கிரெஸ் கிளையன்ட் பாக்கெட். ஒரே ரூல் ஃபைலை ரெண்டு மெஷின்லயும் போட்டா வேலை செய்யாதது இதனாலதான். எஸ்இஇன்ஃபோ கட்டளை பட்டியலைக் கொடுக்கும். எந்த டொமைனுக்கு எந்தப் பாக்கெட் அனுமதின்னு எஸ்இசர்ச் சொல்லும். ரூல் போடறதுக்கு முன்னாடியே கேட்டுப் பாரு, ரெண்டு நிமிஷ வேலை.

உன் சொந்த சர்வீஸுக்கு ரெடி பேர் இல்லைன்னா சின்ன மாட்யூல்ல ஒரு புது வகையை அறிவிச்சு, அது பாக்கெட் வகைதான்னு சொல்லி, உன் டொமைனுக்கு மட்டும் அனுப்ப வாங்க அனுமதி கொடு. 'எதுக்கு சிரமம், ஹெச்டிடிபி பாக்கெட்னே ஒட்டிடலாம்'னு குறுக்கு வழி போகாதே. அப்புறம் வெப் சர்வரும் அதைத் தொட முடியும், நீ பிரிக்க நினைச்சதே வீணாப் போகும்.

5. ஒரே ஒரு ரூல் போட்டாலும் சோதனை முழுசா தொடங்கிடும்

இதைத் தெரியாம பயந்து போறவங்க நிறைய. கெர்னல்ல ஒரு செக்மார்க் ரூலும் இல்லாத வரைக்கும் பாக்கெட் லேபிளை எஸ்இலினக்ஸ் பார்க்கறதே இல்லை (பாலிசியிலேயே 'எப்பவும் பார்'னு சொல்லி வச்சிருந்தா கதை வேற). நீ முதல் ரூலை ஏத்தின நிமிஷத்துல இருந்து வர்ற போற எல்லாப் பாக்கெட்டையும் பார்க்க ஆரம்பிக்கும். லேபிள் இல்லாத மிச்சமெல்லாம் 'அன்லேபிள்ட்'.

நல்ல வேளையா ரெட் ஹேட் குடும்பத்துல 'அன்லேபிள்ட்நெட்'னு ஒரு மாட்யூல் இருக்கு, லேபிள் இல்லாததை எல்லாம் அனுமதிச்சுடும். அதனால ஒரு சர்வீஸை மட்டும் எடுத்து ஆரம்பிக்கலாம், மிச்சம் எல்லாம் பழையபடி ஓடும். டேட்டாபேஸ்ல இருந்து ஆரம்பி. நல்லா ஓடுதான்னு பாரு, அப்புறம் அடுத்தது. கடைசியா எல்லாத்துக்கும் லேபிள் இருக்குன்னு உறுதியான பிறகு வேணும்னா அந்த மாட்யூலை அணை. முதல் நாளே அணைச்சியோ, டிஎன்எஸ்-ல இருந்து டிஹெச்சிபி வரைக்கும் ஒவ்வொண்ணா சாகும்.

6. மறந்துடாதேன்னு சொல்லியே வாய் வலிக்குது

- ஐபிவி6. ஐபிடேபிள்ஸ் ஐபிவி4-க்கு மட்டும்தான், ஐபிவி6-க்குத் தனி கட்டளை. என்எஃப்டேபிள்ஸ்ல 'ஐநெட்' குடும்பத்துல எழுதினா ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ரூல். புதுசா எழுதறவங்க இதையே பிடிச்சுக்கோங்க.
- லூப்பேக். ஒரே மெஷின்ல வெப்பும் டேட்டாபேஸும் இருந்தா, வெளியே போகும்போது கிளையன்ட் லேபிள் ஒட்டிக்கிட்ட பாக்கெட் அதே லேபிளோட சர்வர் பக்கம் வந்து நிக்கும். டேட்டாபேஸ் 'இது எனக்கில்லை'ன்னு தள்ளிடும். ஆரம்பத்துல லூப்பேக்கை ரூல்ல இருந்து ஒதுக்கி வை.
- ஃபயர்வால்டி. என்எஃப்டேபிள்ஸ் வழியா ஓடறப்போ அது தன்னோட டேபிளை மட்டும்தான் தொடும். நீயும் உனக்குத் தனி டேபிள் வச்சுக்கோ. அழிக்கணும்னா உன் டேபிளை மட்டும் அழி. 'எல்லாத்தையும் ஃப்ளஷ்' பண்ற வரியை எங்கேயாவது பார்த்தா நீக்கிடு.
- ரூலை ஏத்தும்போது 'தவறான லேபிள்'னு வந்தா உன் எழுத்துப் பிழையைப் பாரு. பாலிசியில இல்லாத பேரை கெர்னல் ஏத்துக்காது. மாட்யூலை ஏத்திட்டு, அப்புறம் ரூலை ஏத்து.

7. உன்னையே வெளியே வச்சுப் பூட்டிக்காதே

ரிமோட்ல எஸ்எஸ்ஹெச்-ல உட்கார்ந்துக்கிட்டு எஸ்எஸ்ஹெச் பாக்கெட்டுக்கே லேபிள் ஒட்டற தைரியசாலிகளைப் பார்த்திருக்கேன். ரூல் ஏத்தறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம் கழிச்சு உன் டேபிளை அழிக்கிற மாதிரி சிஸ்டம்டி-ரன்ல ஒரு டைமர் போட்டு வை. எல்லாம் சரியா இருந்தா டைமரை ரத்து பண்ணு. தப்பா இருந்தா காபி குடிச்சுட்டு வா, தானா திறந்துக்கும். கடைசி செக்மார்க் ரூல் போன உடனே சோதனையும் நின்னுடும். கன்சோல் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னும் முன்னாடியே கேட்டு வை.

முழு எஸ்இலினக்ஸையும் பெர்மிசிவ் ஆக்காதே. செமேனேஜ்ல ஒரு டொமைனை மட்டும் பெர்மிசிவ் ஆக்கலாம். வெப் டொமைனை மட்டும் ஒரு வாரம் அப்படி விடு. மாசக் கடைசி ரிப்போர்ட் ஓடற சர்வரா இருந்தா மாசக் கடைசி தாண்டற வரைக்கும் விடு. லாக் சேரும், ஆனா எதுவும் உடையாது.

8. பிழை வந்தா எங்கே பார்க்கணும்

இந்தப் பகுதியைத் தனியா எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிக்கோ.

உடனே 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'னு வந்துச்சா? எதிர் மெஷினைத் திட்டறதுக்கு முன்னாடி உன் மெஷின்ல பாரு. அனுப்பற பக்கம் லேபிள் சோதனை மறுத்தா கெர்னல் அதே பிழையைத்தான் ஆப்புக்குத் திருப்பிக் கொடுக்கும். ரொம்ப நேரம் தொங்கி டைம்அவுட் ஆச்சா? வாங்கற பக்கம் சத்தமில்லாம கீழே போட்டிருக்கலாம். டிசிபிடம்ப்ல பாக்கெட் வந்தது தெரியும், ஆப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நெட்வொர்க் டீமோட சண்டை போடறதுக்கு முன்னாடி ஏயூசர்ச்ல ஏவிசி (எஸ்இலினக்ஸ் மறுப்பு) பதிவைப் பாரு.

பதிவுல எந்த வகுப்புன்னு போட்டிருக்கோ, அதை வச்சு எந்த வழியில சிக்கல்னு சொல்லிடலாம்:

- 'பாக்கெட்' வகுப்புல சென்ட் அல்லது ரிசீவ்: செக்மார்க். ஃபயர்வால் ரூலையும் பாக்கெட் வகையையும் பாரு.
- 'பீர்' வகுப்புல ரிசீவ்: எதிர் மெஷின்ல இருந்து லேபிள் வந்திருக்கு. நெட்லேபிள் அல்லது ஐபிசெக்.
- 'நெட்இஃப்', 'நோட்' வகுப்பு: இதுவும் பீர் லேபிள் சோதனையோட கூட வர்றது, கார்டுக்கும் அட்ரஸுக்கும்.
- 'அசோசியேஷன்': ஐபிசெக்.
- 'டிசிபி சாக்கெட்'ல நேம்-கனெக்ட், நேம்-பைண்ட்: வெறும் போர்ட் லேபிள். ரெண்டாவது டிப்ஸுக்குப் போ.

ரிசீவ் மறுப்புல சம்பந்தமே இல்லாத புரோகிராம் பேரோ 'ஸ்வாப்பர்'னோ இருந்தா பயப்படாதே. பாக்கெட் வந்து சேர்ந்த நேரத்துல சிபியூ-ல யார் இருந்தாங்களோ அவங்க பேர் விழுந்திருக்கு, அவ்வளவுதான். உனக்கு வேண்டியது மூல லேபிளும் இலக்கு லேபிளும். எதுவுமே பதிவாகலை, ஆனா வேலையும் செய்யலையா? செமாட்யூல்ல மறைச்சு வச்ச மறுப்பையெல்லாம் காட்டச் சொல்ற ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டுப் பார்த்துட்டு மறக்காம திரும்ப மறைச்சுடு, லாக் குப்பையாயிடும்.

ஆடிட்-டு-அலவ் கொடுக்கிறதை அப்படியே ஏத்திடாதே. 'எல்லா அன்லேபிள்ட் பாக்கெட்டையும் அனுமதி'ன்னு அது எழுதிக் கொடுக்கும். பல நேரம் சரியான தீர்வு, நீ விட்டுப் போன ஒரு ஃபயர்வால் ரூலாத்தான் இருக்கும்.

9. நெட்லேபிள்: நிஜமாவே தேவைன்னா மட்டும் மேலே படி

ரகசிய மட்டம் வச்சு மெஷின்களைப் பிரிக்கிற இடத்துக்குத்தான் இது. பழைய டிரஸ்டட் சோலாரிஸ் மாதிரி சிஸ்டத்தோட பேசணும்னா இதைத் தவிர்க்க முடியாது. ஐபிவி4 தலைப்புல 134-ம் எண் ஆப்ஷனா லேபிள் போகும், அதுக்கு சிப்ஸோன்னு பேர். 1992-ல ஐஇடிஎஃப் வரைவா வந்து, ஆர்எஃப்சி ஆகாமலே நின்னு போச்சு. இருந்தும் ஆளுங்க பயன்படுத்திக்கிட்டுதான் இருக்காங்க. ஐபிவி6-க்கு கலிப்ஸோ, 2009-ல ஆர்எஃப்சி 5570, லினக்ஸ்ல 4.8 கெர்னல்ல இருந்து.

தலையில குட்டு வாங்காம இருக்கணும்னா இதையெல்லாம் முன்னாடியே பார்த்துடு.

லேபிள் முழுசா போகாது. மட்டமும் வகைப்பிரிவும் மட்டும்தான் போகும், டொமைன் பேர் போகாது. 'எதிர் மெஷின்ல ஹெச்டிடிபிடி-தான் அனுப்பிச்சா'ங்கிறதை சிப்ஸோ சொல்லாது. அதுலயும் டார்கெட்டட் பாலிசியில மட்டம்னு இருக்கிறது எஸ்0 ஒண்ணுதான், 16 மட்டம் வேணும்னா பல மட்டப் பாதுகாப்புக்கான எம்எல்எஸ் பாலிசி போடணும்.

வகைப்பிரிவு எண்ணைக் கவனி. எஸ்இலினக்ஸ்ல சி0-ல இருந்து சி1023 வரை 1024 இருக்கு. ஐபிவி4 ஆப்ஷனுக்கு மொத்தமே 40 பைட் இடம். பிட்மேப் முறையான டேக் 1-ல 240 பிரிவுதான் அடங்கும், சி0-ல இருந்து சி239 வரை. நீ பாட்டுக்கு சி500-ஐ யாருக்கோ கொடுத்து வச்சிருந்தா அது அப்படியே வயர்ல ஏறாது. நெட்வொர்க்ல போக வேண்டிய பிரிவையெல்லாம் முதல்லயே சின்ன எண்ணா வச்சுக்கோ, அப்புறம் மாத்தறது பெரிய தலைவலி.

லேபிள் எண்ணுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு குறிக்கிற டிஓஐ எண்ணும் டேக் வகையும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு பக்கமும் லினக்ஸ்னா 'பாஸ்' முறை போதும். அந்தப் பக்கம் வேற சிஸ்டம், மட்டத்தோட எண் வேறன்னா 'டிரான்ஸ்லேட்' முறையில ஒண்ணுக்கொண்ணு பொருத்தம் எழுதணும்.

நடுவுல இருக்கிற ரௌட்டரும் ஃபயர்வாலும் ஐபி ஆப்ஷன் இருக்கிற பாக்கெட்டையே தூக்கி எறிஞ்சுடலாம். பாலிசி எழுத உட்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒரு கனெக்‌ஷன் போட்டு, அந்தப் பக்கம் டிசிபிடம்ப்ல 134 வந்து சேருதான்னு பாரு. வரலைன்னா உன் திட்டம் அங்கேயே முடிஞ்சுது, இதுவரைக்கும் எழுதின பேப்பர் மட்டும்தான் நஷ்டம்.

சிப்ஸோவுக்குக் கையெழுத்தும் கிடையாது, பூட்டும் கிடையாது. அந்த நெட்வொர்க்ல இருக்கிற யார் வேணும்னாலும் எந்த மட்டத்தையும் எழுதி அனுப்பலாம். நம்பகமான தனி நெட்வொர்க்ல வை, இல்லைன்னா ஐபிசெக் டனலுக்குள்ள போட்டு அனுப்பு. கெர்னலையும் அப்டேட் பண்ணிக்கிட்டே இரு. சிப்ஸோ பிரிவைப் படிக்கிற இடத்துல இருந்த ஒரு பிழையால வெளியில இருந்தே மெஷினை விழ வைக்க முடிஞ்சுது, சிவிஇ-2020-10711. இதைத் தேடி உன் கெர்னல்ல சரி பண்ணியாச்சான்னு பார்த்துக்கோ.

'லேபிள் இல்லாததை ஏற்காதே'ங்கிற நெட்லேபிள் ஸ்விட்சை ரிமோட்ல இருந்து போடாதே. உன் லேப்டாப் சிப்ஸோ பேசாது. லேபிள் பேசத் தெரியாத பிரிண்டர், பழைய மெஷினுக்கெல்லாம் 'இந்தக் கார்டு, இந்த அட்ரஸ்ல இருந்து வந்தா இந்த லேபிள்னு வச்சுக்கோ'ன்னு நிலையான லேபிள் கொடுக்க வழி இருக்கு. நல்ல வசதிதான், ஆனா அது அட்ரஸை நம்புது. அட்ரஸை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், அதனால தனி கார்டுல தனி வயர்ல வர்றதுக்கு மட்டும் கொடு.

செட்டிங்கை இடிசி-க்குள்ள இருக்கிற நெட்லேபிள் ரூல்ஸ் ஃபைல்ல எழுதி, அதோட சர்வீஸையும் எனேபிள் பண்ணு. கையால அடிச்சது ரீபூட்ல போயிடும்.

10. ஐபிசெக் லேபிள்

இதுல லேபிள் பாக்கெட்டுக்குள்ள ஏறாது. ரெண்டு மெஷினும் சாவி மாத்திக்கும்போதே 'இந்தப் பாதை இந்த லேபிளுக்கு'ன்னு பேசி முடிச்சுக்கும். முழு லேபிளும், டொமைன் பேரோட, அடுத்த பக்கம் தெரியும். சாவியை வச்சு ஒவ்வொரு பாக்கெட்டையும் சரிபார்க்கறதால போலியும் பண்ண முடியாது. லிப்ரெஸ்வான் இதைச் செய்யும். ஐகேஇவி2-க்கான முறை 2023-ல ஆர்எஃப்சி 9478-ஆ வந்தாச்சு.

விலை என்னன்னா, ரெண்டு பக்கமும் அதே டொமைன் பேர்கள் பாலிசியில இருக்கணும். ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனி பாதை உருவாகும், புது லேபிளோட முதல் பாக்கெட் கொஞ்சம் காத்திருக்கும். போஸ்ட்கிரெஸ்ல 9.1-ல இருந்து எஸ்இ-போஸ்ட்கிரெஸ் மாட்யூல் இருக்கே, அது கனெக்ட் ஆனவரோட லேபிளை சாக்கெட்ல கேட்டு, டேபிள், நெடுவரிசை வரைக்கும் அனுமதி பார்க்கும். அதை வேற மெஷின்ல இருந்து, அனுப்பினவரோட முழு லேபிளோட பயன்படுத்தணும்னா இந்த வழிக்கு வந்துதான் ஆகணும். டேட்டாபேஸும் ஆப்பும் ஒரே மெஷின்லன்னா யூனிக்ஸ் சாக்கெட் போதும், லேபிள் தானா கிடைச்சுடும். ஒரு ரூலும் எழுத வேண்டாம்.

11. கொடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி

ரீபூட் பண்ணு. இப்போ, நீ இருக்கும்போதே. மாட்யூல், ஃபயர்வால் ரூல், நெட்லேபிள் மூணும் அந்த வரிசையில ஏறுதான்னு பாரு. நெட்வொர்க் எழுந்த பிறகு ரூல் ஏறினா, நடுவுல திறந்த கனெக்‌ஷனெல்லாம் லேபிள் இல்லாமலே ஓடிக்கிட்டிருக்கும். நடுவுல ரூலை மாத்தினாலும் அதே கதை, பழைய கனெக்‌ஷன் மேல சேமிச்ச லேபிள்தான் நிக்கும். சம்பந்தப்பட்ட சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணு.

அப்புறம் தடுக்க வேண்டியதைத் தடுக்குதான்னும் ஒரு தடவை பாரு. எல்லாரும் 'ஓடுது'ன்னு மட்டும் பார்த்துட்டு டிக்கெட்டை மூடிடறாங்க. ரன்கானைக் கொண்டு அனுமதி இல்லாத டொமைன்ல ஒரு சின்ன கிளையன்ட்டை ஓட்டி 5432-க்குப் போகச் சொல்லு. மறுத்துச்சுன்னா அந்த ஏவிசி வரியை எடுத்து, முன்னாடி எழுதின பேப்பரோட சேர்த்து ஆடிட்டருக்கு அனுப்பு. மறுக்கலைன்னா டிக்கெட்டைத் திறந்தே வை, மூணாவது டிப்ஸ்ல சொன்ன அன்கன்ஃபைண்ட் சமாச்சாரத்தைப் போய்ப் பாரு.